லேசர் முடி நீக்கம்: மதுரை வட்டாரத்தில் நிலவும் தவறான எண்ணங்களும் அவற்றின் வரலாறும்

லேசர் முடி நீக்கம் என்பது குறிப்பிட்ட அலைநீளம் கொண்ட ஒளியைத் தோலின் மீது செலுத்தி, முடியின் வேர்ப்பகுதியைச் சூடாக்கி, அது மீண்டும் வளரும் திறனைக் குறைக்கும் முறையாகும். 1990களின் நடுவில் அமெரிக்காவில் நடைமுறைக்கு வந்த இம்முறை, இன்று மதுரையின் தோல் மருத்துவமனைகளிலும் அழகு நிலையங்களிலும் கிடைக்கிறது.

இம்முறையைப் பற்றி ஒன்றுக்கொன்று முரணான எண்ணங்கள் மக்களிடையே உள்ளன. ஒரே தடவையில் முடி நிரந்தரமாகப் போய்விடும் என்பர் சிலர். முன்பைவிட அடர்த்தியாக வளரும் என்பர் வேறு சிலர். புற்றுநோய் வரும் என்ற அச்சமும் உண்டு, ஒரு தீங்கும் இல்லை என்ற துணிச்சலும் உண்டு. இந்த எண்ணங்களில் பெரும்பாலானவை லேசரோடு பிறந்தவை அல்ல. மொட்டையடித்தல், பறித்தல், மஞ்சள் பூசுதல், எக்ஸ் கதிர் பாய்ச்சுதல் போன்ற பழைய முறைகளைப் பற்றிய நம்பிக்கைகளே புதிய கருவியின் மீது ஏற்றப்பட்டுள்ளன. எந்த எண்ணம் எந்த முறையிலிருந்து வந்தது என்பதை அறிந்தால், அதில் எவ்வளவு உண்மை உள்ளது என்பதையும் அறியலாம்.

மதுரையும் முடியும்

முடியின் இயல்பு பற்றிய விவாதம் மதுரைக்குப் புதிதன்று. பெண்களின் கூந்தலுக்கு இயற்கையிலேயே மணம் உண்டா, பூவாலும் எண்ணெயாலும் வந்து சேர்வதா என்ற கேள்வியில் நக்கீரர் இறைவனோடு வாதிட்ட கதை, மதுரையைக் களமாகக் கொண்ட திருவிளையாடற் புராணத்தில் இடம்பெற்றுள்ளது. அக்கதையோடு தொடர்புடையதாகக் கூறப்படும் பாடல் குறுந்தொகையின் இரண்டாம் பாடல் ஆகும். கதை புராணமாயினும், அதில் எழும் கேள்வி முடி நீக்கத்தின் வரலாறு முழுவதிலும் தொடர்கிறது. முடியில் எது உள்ளிருந்து வரும் இயல்பு, எது வெளியிலிருந்து செய்யக்கூடிய மாற்றம் என்பதே அக்கேள்வி.

முடியைக் கையாளும் தொழிலும் தமிழகத்தில் மருத்துவத்தோடு இணைந்தே இருந்தது. நாவிதர் சமூகத்தினர் 'மருத்துவர்' என்றும் அழைக்கப்பட்டனர். கட்டிகளைக் கீறுதல், புண்ணுக்கு மருந்திடுதல் போன்ற பணிகளை ஆண்கள் செய்தனர். பெண்கள் மருத்துவச்சிகளாகப் பிள்ளைப்பேறு பார்த்தனர். முடி திருத்தும் கையும் மருந்திடும் கையும் ஒன்றாக இருந்த காலம் அது. ஆங்கிலேய மருத்துவக் கல்வி பரவியபின் இரண்டும் பிரிந்தன. மதுரை மருத்துவக் கல்லூரி 1954-இல் தொடங்கப்பட்டது. அதனோடு இணைந்த எர்ஸ்கின் மருத்துவமனையே இன்றைய அரசு இராசாசி மருத்துவமனை. தோல் நோய்கள் மருத்துவமனைக்கும், முகத்து முடி அழகு நிலையத்துக்கும் உரியவை என்ற பிரிவினை காலப்போக்கில் உறுதிப்பட்டது. லேசர் வந்தபோது அது எந்தப் பக்கத்தைச் சேர்ந்தது என்ற குழப்பம் எழுந்தது. அக்குழப்பம் இன்னும் முழுமையாகத் தீரவில்லை.

மழித்தல்: 'அடர்த்தியாக வளரும்' என்ற நம்பிக்கை

மதுரையைச் சுற்றியுள்ள ஊர்களில் குழந்தைக்கு முதல் மொட்டை குலதெய்வக் கோயிலில் அடிக்கப்படுகிறது. காதுகுத்தும் பெரும்பாலும் அன்றே நடைபெறும். அழகர்கோயிலிலும் பழனியிலும் முடி காணிக்கை செலுத்துவோர் ஆண்டு முழுவதும் வருகின்றனர். இவ்வழக்கத்தோடு ஒட்டி வளர்ந்த நம்பிக்கை ஒன்று உண்டு: மொட்டை அடித்தால் முடி அடர்த்தியாகவும் கருப்பாகவும் வளரும் என்பதே அது.

இந்நம்பிக்கைக்கு ஒரு காட்சி ஆதாரம் இருப்பது உண்மையே. பிறந்த குழந்தையின் முடி மெல்லியது. வயது ஏற ஏற அதனிடத்தில் தடித்த முடி வளர்வது இயற்கை. மொட்டை அடிக்கும் பருவமும் இம்மாற்றம் நிகழும் பருவமும் ஒன்றாக அமைவதால், பின்னதற்கு முன்னது காரணம் எனத் தோன்றுகிறது. மேலும், இயல்பாக வளர்ந்த முடியின் நுனி கூம்பியிருக்கும். கத்தியால் வெட்டப்பட்ட முடியின் நுனி தட்டையாக இருப்பதால், மீண்டும் முளைக்கும்போது கைக்குச் சொரசொரப்பாகப் படுகிறது.

முடி வளரும் இடம் தோலுக்கு அடியில் உள்ள முடிப்பை ஆகும். முடிப்பைகள் குழந்தை பிறக்கும் முன்பே உருவாகிவிடுகின்றன. தோலுக்கு வெளியே தெரியும் முடி உயிரற்ற பொருள். அதை வெட்டுவது முடிப்பைக்குத் தெரியாது. அமெரிக்க உடற்கூற்றியலாளர் மில்ட்ரெட் டிராட்டர் 1928-இல் வெளியிட்ட ஆய்வு, மழிப்பதால் முடியின் நிறமோ தடிமனோ வளரும் வேகமோ மாறுவதில்லை எனக் காட்டியது.

இந்நம்பிக்கை லேசர் சிகிச்சையில் நேரடியான இடையூறாகிறது. லேசர் சிகிச்சைக்கு முன் அவ்விடத்தை மழித்துவிட்டு வருமாறு மருத்துவர்கள் கூறுவர். முகத்தில் கத்தி பட்டால் மீசை முளைத்துவிடும் என்று அஞ்சும் பெண்கள், மழிக்காமல் நூலாலோ மெழுகாலோ முடியைப் பறித்துவிட்டு வருகின்றனர். அது சிகிச்சையையே பயனற்றதாக்கிவிடும். காரணம் அடுத்த பகுதியில் உள்ளது.

லேசருக்குப் பின் முடி அதிகரிக்கும் என்ற அச்சம் மட்டும் முற்றிலும் பொய்யன்று. சிகிச்சை செய்த இடத்திலோ அதன் ஓரத்திலோ மெல்லிய முடி தடித்த முடியாக மாறும் எதிர்விளைவு மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளது. இது சிலரிடம் மட்டுமே காணப்படுகிறது. முகத்திலும் கழுத்திலும், கருமை கூடிய தோலுடையோரிடமும், ஹார்மோன் கோளாறு உடையோரிடமும் இது கூடுதலாக அறியப்பட்டுள்ளது. வேரை அழிக்கப் போதாத குறைந்த வெப்பம் அதைத் தூண்டிவிடுவது இதற்கு ஒரு காரணமாகக் கருதப்படுகிறது. எனவே கன்னத்துப் பூனை முடிக்கு லேசர் செய்வதில் மருத்துவர்கள் தயக்கம் காட்டுகின்றனர்.

பறித்தல்: 'வேரோடு போய்விடும்' என்ற நம்பிக்கை

மதுரையைச் சூழ்ந்த குன்றுகளில் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே சமணத் துறவிகள் வாழ்ந்தனர். மாங்குளம், அரிட்டாபட்டி, யானைமலை, திருப்பரங்குன்றம், கீழக்குயில்குடி சமணர் மலை ஆகிய இடங்களில் அவர்களுடைய கற்படுக்கைகளோ கல்வெட்டுகளோ சிற்பங்களோ உள்ளன. மாங்குளத்துத் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகள் தமிழகத்தில் கிடைத்த மிகப் பழைய கல்வெட்டுகளுள் அடங்கும். சமணர் மலையில் செட்டிப்புடவு, பேச்சிப்பள்ளம் என்னும் இடங்களில் தீர்த்தங்கரர் சிற்பங்களைக் காணலாம்.

சமணத் துறவிகள் கத்தியைப் பயன்படுத்துவதில்லை. தலைமுடியையும் தாடியையும் கையாலேயே பறித்துக்கொள்வர். உடல்மீது பற்று அற்றமையைக் காட்டும் நோன்பு இது. அப்பர், சம்பந்தர் ஆகியோரின் தேவாரப் பதிகங்களில் இவ்வழக்கம் எதிர்த்தரப்பின் பார்வையில் குறிப்பிடப்படுகிறது. முடி நீக்கத்தின் வரலாற்றில் இந்நோன்பு ஓர் உண்மையைத் தெளிவாக்குகிறது. சில மாதங்களுக்கு ஒருமுறை, வாழ்நாள் முழுவதும் அதைச் செய்ய வேண்டியிருந்தது. இன்றும் சமணத் துறவிகள் அவ்வாறே செய்கின்றனர். ஆண்டுக்கணக்கில் பறித்தும் முடி வளர்வது நிற்கவில்லை.

பறிக்கும்போது முடியின் அடியில் வெள்ளையாக ஒரு குமிழ் தெரிவதால், வேர் வந்துவிட்டது என்று எண்ணுகிறோம். வந்தது முடியின் அடிப்பகுதியே தவிர முடிப்பை அன்று. புதிய முடியை உருவாக்கும் குருத்தணுக்கள் முடிப்பையின் சுவரில் ஓரிடத்தில் தங்கியுள்ளன. அவை அங்கேயே இருப்பதால் சில வாரங்களில் அடுத்த முடி கிளம்புகிறது. நூலால் எடுத்தாலும், சூடான மெழுகால் எடுத்தாலும், சர்க்கரைப் பாகால் எடுத்தாலும் நிகழ்வது இதுவே. பல ஆண்டுகள் தொடர்ந்து பறித்த சிலருக்கு முடி மெலிவதுண்டு. அதை எதிர்பார்த்து இருக்க இயலாது.

லேசர் வேலை செய்யும் விதம் இதற்கு நேர்மாறானது. லேசர் ஒளி முடியில் உள்ள மெலனின் என்னும் கரிய நிறமியால் உறிஞ்சப்பட்டு வெப்பமாகிறது. அந்த வெப்பம் முடியிலிருந்து முடிப்பையின் சுவருக்குப் பரவி, அங்குள்ள குருத்தணுக்களைச் சிதைக்கிறது. குருத்தணுக்களில் நிறமி இல்லாததால், ஒளி நேராக அவற்றைத் தாக்குவதில்லை. முடிப்பைக்குள் கரிய முடி இருந்தால்தான் வெப்பம் உண்டாகும். முடியைப் பறித்துவிட்டு லேசருக்குச் செல்பவரின் தோலுக்கடியில் ஒளிக்கு இலக்கே இருக்காது. மழித்தால் தோலுக்கு மேலுள்ள பகுதி மட்டும் போய், அடிப்பகுதி உள்ளே நிற்கும். எனவேதான் சிகிச்சைக்கு முந்தைய 4 முதல் 6 வாரங்கள் வரை பறித்தலைத் தவிர்க்கவும், மழித்தலை மட்டும் செய்யவும் அறிவுறுத்தப்படுகிறது.

நரைமுடிக்கும் இதே விதி பொருந்தும். வெண்முடியில் மெலனின் இல்லை. அதனால் லேசர் அதில் பயன் தராது. சாயம் பூசிவிட்டுச் சென்றால் பயன் தரும் என்பதும் தவறு. சாயம் தோலுக்கு வெளியே உள்ள முடியில் படிகிறது. உள்ளே உள்ள வேர்ப்பகுதி வெண்மையாகவே இருக்கிறது.

மஞ்சள்: 'இயற்கையானது, தீங்கில்லை' என்ற நம்பிக்கை

மஞ்சள் தேய்த்துக் குளிப்பது மதுரை வட்டாரப் பெண்களின் நெடுங்கால வழக்கம். கஸ்தூரி மஞ்சளைப் பச்சைப்பயறு மாவோடு கலந்து முகத்தில் தேய்த்துவந்தால் பூனை முடி உதிரும், நாளடைவில் முளைக்காமலே போகும் என்பது தலைமுறைகளாகச் சொல்லப்படுவது. பெண் குழந்தைகளுக்குச் சிறு வயதிலிருந்தே மாவு தேய்த்துக் குளிப்பாட்டுவது இந்நம்பிக்கையால்தான். கஸ்தூரி மஞ்சளும் சமையல் மஞ்சளும் வெவ்வேறு செடிகள். கடைகளில் கஸ்தூரி மஞ்சள் என்று விற்கப்படுவனவற்றில் வேறு கிழங்குகளும் கலந்துள்ளன.

சொரசொரப்பான மாவைத் தேய்க்கும்போது மெல்லிய முடிகள் ஒடிவதும் சில உதிர்வதும் உண்டு. மஞ்சள் பூச்சு முகத்துக்கு நிறம் ஏற்றுவதால் பூனை முடி கண்ணுக்குக் குறைவாகத் தெரிவதும் உண்டு. ஆனால் தடித்த முடியின் வேரை மஞ்சள் அழிக்கும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. குழந்தைப் பருவத்தில் முகம் வழுவழுப்பாக இருப்பதும் மஞ்சளால் அன்று; பருவம் அடையும்போது சுரக்கும் ஹார்மோன்களே முகத்து முடியைத் தடிக்கச் செய்கின்றன.

மஞ்சளின் மீதிருந்த நம்பிக்கை லேசருக்கு இரண்டு வழிகளில் மாறி வந்தது. முதலாவது, விடாமல் செய்தால் முற்றிலும் நின்றுவிடும் என்ற எதிர்பார்ப்பு. இரண்டாவது, மேலே படுவதுதானே, என்ன செய்துவிடப் போகிறது என்ற அலட்சியம். லேசர் மேற்பூச்சு அன்று. தோலுக்குள் வெப்பத்தை உண்டாக்கும் கருவி அது; தவறாகக் கையாண்டால் தோலைச் சுடும்.

எக்ஸ் கதிர்: 'புற்றுநோய் வரும்' என்ற அச்சம்

லேசரால் புற்றுநோய் வரும், கர்ப்பப்பை பாதிக்கப்படும் என்ற அச்சங்களுக்கும் ஒரு வரலாறு உண்டு. அது மதுரையில் நிகழ்ந்த வரலாறு அன்று. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் நிகழ்ந்தது.

1895-இல் ராண்ட்கன் எக்ஸ் கதிரைக் கண்டறிந்தார். அடுத்த ஆண்டிலேயே அக்கதிர் பட்ட இடத்தில் முடி உதிர்வது கவனிக்கப்பட்டது. 1896-இல் வியன்னாவில் லியோபோல்ட் பிராய்ண்ட் என்னும் மருத்துவர், முதுகில் முடி அடர்ந்த மச்சம் கொண்ட ஒரு சிறுமிக்கு எக்ஸ் கதிரால் சிகிச்சை அளித்தார். 1920களில் அமெரிக்காவில் 'டிரிக்கோ' என்ற பெயரில் எக்ஸ் கதிர் முடி நீக்கும் நிலையங்கள் பல நகரங்களில் இயங்கின. வலியில்லை, நிரந்தரம் என்பதே அவற்றின் விளம்பரம். முடி உதிர்ந்தது உண்மை. ஆனால் ஆண்டுகள் சில கழித்து அப்பெண்களின் தோல் சுருங்கிப் புண்ணாகி, பலருக்குப் புற்றுநோயாக மாறியது. அதே காலத்தில் 'கோரெம்லு' என்ற முகப்பூச்சும் விற்கப்பட்டது. அதிலிருந்த தாலியம் என்னும் நச்சுப்பொருள் அதைப் பூசியவர்களின் நரம்புகளைப் பாதித்தது.

எனவே, 'கதிர்' என்ற சொல்லைக் கேட்டு மக்கள் அஞ்சுவது காரணமற்றதன்று. வேறுபாடு கதிரின் ஆற்றலில் உள்ளது. எக்ஸ் கதிர் அணுக்களிலிருந்து எலக்ட்ரான்களைப் பிரிக்கும் ஆற்றல் கொண்டது. அதனால் உயிரணுவின் மரபுப் பொருளைச் சேதப்படுத்தும். முடி நீக்க லேசர் கண்ணுக்குத் தெரியும் சிவப்பு ஒளியையோ அதற்கு அடுத்த அகச்சிவப்பு ஒளியையோ சேர்ந்தது. அதற்கு அந்த ஆற்றல் இல்லை. அது தோலில் சில மில்லிமீட்டர் ஆழம் மட்டுமே பயன்தரும் அளவில் செல்கிறது. கர்ப்பப்பையையோ சினைப்பையையோ எட்டுவதில்லை. லேசர் முடி நீக்கத்தால் புற்றுநோய் வந்ததாகச் சான்று கிடைக்கவில்லை. கர்ப்ப காலத்தில் இச்சிகிச்சையைத் தள்ளிவைப்பது வழக்கம். அது தீங்கு நிரூபிக்கப்பட்டதால் அன்று. அவசரமற்ற சிகிச்சை என்பதால் எடுக்கப்படும் முன்னெச்சரிக்கை.

கண் மருத்துவத்திலிருந்து தோல் மருத்துவத்துக்கு

மதுரை கண் சிகிச்சைக்குப் பெயர்பெற்ற நகரம். மதுரை மருத்துவக் கல்லூரியில் கண் மருத்துவத் துறைத் தலைவராக இருந்து ஓய்வுபெற்ற கோ. வெங்கடசாமி 1976-இல் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, உலகின் பெரிய கண் மருத்துவ நிறுவனங்களுள் ஒன்றாக வளர்ந்தது. சர்க்கரை நோயால் விழித்திரை பாதிக்கப்பட்டோருக்கு லேசர் சிகிச்சை அளிப்பது இத்தகைய மருத்துவமனைகளின் அன்றாடப் பணி. தாத்தாவுக்கும் பாட்டிக்கும் கண்ணில் லேசர் செய்த குடும்பங்கள் இவ்வட்டாரத்தில் பல உண்டு.

முடி நீக்கத்தின் வரலாறும் கண் மருத்துவத்தில்தான் தொடங்குகிறது. இமைமுடி உள்நோக்கி வளர்ந்து விழியை உறுத்தும் நோய்க்காக, அமெரிக்கக் கண் மருத்துவர் சார்லஸ் மிஷெல் 1875-இல் முடிப்பைக்குள் மெல்லிய ஊசியைச் செலுத்தி மின்சாரம் பாய்ச்சும் முறையை வெளியிட்டார். இதுவே மின்னாற்பகுப்பு முடி நீக்கத்தின் தொடக்கம். ஒவ்வொரு முடியாகச் செய்ய வேண்டிய நெடிய வேலை என்றாலும், முடியின் நிறத்தைச் சாராத முறை இது. நரைமுடிக்கு இன்றும் பயன்படுவது இதுவே.

1960-இல் தியோடர் மைமன் ரூபி கல்லைக் கொண்டு முதல் லேசரை இயக்கினார். அடுத்த ஆண்டின் இறுதியிலேயே நியூயார்க்கில் அது மனித விழித்திரைச் சிகிச்சைக்குப் பயன்பட்டது. விழித்திரைக்குப் பின்னுள்ள படலத்தில் மெலனின் நிறைந்திருப்பதால் அது லேசர் ஒளியை உறிஞ்சிக்கொள்கிறது. அதே மெலனின் முடியிலும் உள்ளது. 1983-இல் ராக்ஸ் ஆண்டர்சன், ஜான் பாரிஷ் ஆகிய இருவர் 'சயன்ஸ்' இதழில் ஒரு கோட்பாட்டை வெளியிட்டனர். தகுந்த அலைநீளமும் தகுந்த கால அளவும் கொண்ட ஒளித்துடிப்பால், சுற்றியுள்ள தோலைச் சுடாமல் நிறமுள்ள இலக்கை மட்டும் சூடாக்க முடியும் என்பதே அது. 1996-இல் ரூபி லேசரால் முடிப்பைகள் சிதைவதை ஆண்டர்சன் உள்ளிட்ட குழுவினர் மனிதரிடம் காட்டினர்.

கண்ணிலேயே லேசர் செய்கிறார்கள், முகத்தில் செய்வதற்கு என்ன என்ற கேள்வி அடிக்கடி கேட்கப்படுகிறது. லேசர் என்பது ஒரே கருவியின் பெயர் அன்று. அலைநீளமும் ஆற்றலும் துடிப்பின் நீளமும் வேறுபட்ட பல கருவிகளின் பொதுப்பெயர். முடி நீக்கத்துக்கான லேசர் கண்ணுக்குப் பகை. விழியிலும் மெலனின் இருப்பதால், புருவத்துக்குக் கீழே லேசர் செய்தவர்களின் விழித்தசையும் பார்வையும் பாதிக்கப்பட்ட நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன. சிகிச்சை பெறுபவரும் அளிப்பவரும் அந்தந்த அலைநீளத்துக்கு உரிய பாதுகாப்புக் கண்ணாடி அணிவது கட்டாயம். வெயிலுக்கு அணியும் கறுப்புக் கண்ணாடி அதற்கு ஈடாகாது.

'நிரந்தரம்' என்ற சொல்

முடி ஒவ்வொன்றும் வளர்ச்சி, பின்வாங்கல், ஓய்வு என மூன்று கட்டங்களில் சுழல்கிறது. வளர்ச்சிக் கட்டத்தில் உள்ள முடியில்தான் நிறமி மிகுந்து, வேர்ப்பகுதியோடு உறுதியாக இணைந்திருக்கும். ஓரிடத்தில் உள்ள எல்லா முடிகளும் ஒரே நேரத்தில் அக்கட்டத்தில் இருப்பதில்லை. ஆகவே ஒரு தடவை செய்யும் லேசர் ஒரு பங்கு முடியை மட்டுமே பாதிக்கிறது. சில வாரங்கள் இடைவெளியில் 6 முதல் 8 தடவை வரை செய்ய வேண்டியிருப்பது இதனால்தான். முதல் தடவைக்குப் பின் எல்லா முடியும் உதிர்வதைக் கண்டு சிகிச்சையை நிறுத்துவோர், சில வாரங்களில் மீண்டும் முளைப்பதைக் கண்டு ஏமாற்றப்பட்டதாக எண்ணுகின்றனர்.

அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் இக்கருவிகளில் பலவற்றுக்கு 'நிரந்தர முடிக் குறைப்பு' என்ற சொல்லையே அனுமதித்தது. சிகிச்சைத் தொடர் முடிந்தபின் மீண்டும் வளரும் முடிகளின் எண்ணிக்கை நெடுங்காலம் குறைந்தே இருப்பது அதன் பொருள். எல்லா முடியும் என்றென்றைக்கும் நீங்குவது அன்று. இந்தியத் தோல் மருத்துவர்களின் சங்கம் 2008-இல் வெளியிட்ட நெறிமுறையின் தலைப்பும் 'முடிக் குறைப்பு' என்றே அமைந்தது. தமிழில் வழங்கும் 'முடி நீக்கம்' என்ற சொல்லும், விளம்பரப் பலகைகளில் அதன் முன் சேர்க்கப்படும் 'நிரந்தர' என்ற அடைமொழியும் இந்த வேறுபாட்டை மறைத்துவிடுகின்றன.

தோலின் நிறம்: இரு பக்கத் தவறுகள்

மதுரைச் சமவெளி மக்களுக்கு மிக முக்கியமான தவறான எண்ணங்கள் தோலின் நிறம் பற்றியவை. கருத்த தோலுக்கு லேசர் ஆகாது என்பது ஒன்று. யாருக்கும் எந்த லேசரும் ஒன்றுதான் என்பது மற்றொன்று.

முதல் எண்ணம் தொடக்கக் காலத்தில் பெரும்பாலும் உண்மையாகவே இருந்தது. தொடக்கக் காலக் கருவிகளுள் ஒன்றான ரூபி லேசரின் அலைநீளம் 694 நானோமீட்டர். இதை மெலனின் மிக வலுவாக உறிஞ்சுகிறது. வெளிர்தோலும் கருமுடியும் உடையவரிடம் ஒளி தோலைத் தாண்டி முடியைச் சேரும். கருத்த தோலில் மேற்பரப்பிலுள்ள மெலனினே ஒளியை உறிஞ்சிவிடுவதால், முடிக்குச் சேர வேண்டிய வெப்பம் தோலைச் சுட்டது. தோல் வகைகளை அளக்க உலகெங்கும் பயன்படும் அட்டவணையை டாமஸ் பிட்ஸ்பேட்ரிக் 1975-இல் வகுத்தபோது, அது வெளிர்தோலை மட்டுமே கருத்தில் கொண்டிருந்தது. பழுப்புத் தோலுக்கும் கருந்தோலுக்கும் உரிய ஐந்தாம், ஆறாம் வகைகள் பின்னரே சேர்க்கப்பட்டன. தென்னிந்தியர் பெரும்பாலும் நான்கு முதல் ஆறு வரையுள்ள வகைகளில் அடங்குவர்.

பின்வந்த கருவிகள் நிலைமையை மாற்றின. அலெக்சாண்ட்ரைட் லேசர் 755, டயோடு லேசர் ஏறத்தாழ 810, என்டி-யாக் லேசர் 1064 நானோமீட்டர் அலைநீளம் கொண்டவை. அலைநீளம் கூடக்கூட மெலனின் உறிஞ்சுவது குறைகிறது. ஒளி ஆழமாகச் செல்கிறது. எனவே கருத்த தோலுக்கு என்டி-யாக் லேசர் பாதுகாப்பானதாகக் கருதப்படுகிறது. நீண்ட துடிப்பும் தோலைக் குளிர்விக்கும் அமைப்பும் உள்ள டயோடு லேசரும் கவனத்தோடு பயன்படுத்தப்படுகிறது.

இரண்டாம் எண்ணத்தின் ஆபத்து இங்கேதான் உள்ளது. வெளிர்தோலுக்கு ஏற்ற அளவில் இயக்கிய கருவி கருத்த தோலில் கொப்புளத்தையும், ஆறியபின் மாதக்கணக்கில் நீடிக்கும் கருந்தழும்பையும் உண்டாக்கும். மேலுதட்டு முடியை மறைக்கச் சென்றவர் அதே இடத்தில் கருந்திட்டோடு திரும்ப நேர்கிறது. ஐபிஎல் எனப்படும் துடிப்பொளிக் கருவி லேசரே அன்று; அது பல அலைநீளங்கள் கலந்த ஒளி. வீட்டில் பயன்படுத்த விற்கப்படும் கருவிகளில் பல இவ்வகையின. மிகக் கருத்த தோலுக்கு இவற்றைப் பயன்படுத்தக் கூடாது என்று உற்பத்தியாளர்களின் அட்டவணைகளே கூறுகின்றன.

வெயிலும் இதில் சேர்கிறது. சித்திரை, வைகாசி மாதங்களில் மதுரையின் வெயிலில் அலைந்து கருத்த தோலில் மெலனின் கூடியிருக்கும். வழக்கமாகத் தாங்கும் அளவே அப்போது தோலைச் சுடக்கூடும். வெயிலில் வேலை செய்வோரும் இருசக்கர வாகனத்தில் செல்வோரும் அதை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லுதல் நன்று. சிறிய இடத்தில் சோதித்துப் பார்த்தபின் சிகிச்சையைத் தொடங்குவது இவ்வட்டாரத் தோலுக்கு ஏற்ற நடைமுறை.

அறிகுறியாகும் முடி

மேலுதடு, தாடை, மார்பு, அடிவயிறு ஆகிய இடங்களில் பெண்களுக்குத் தடித்த முடி வளர்வது அழகு பற்றிய சிக்கல் மட்டும் அன்று. 'நீர்க்கட்டி' என்று வழங்கும் பிசிஓஎஸ் கோளாறு இதற்கு மிகப் பொதுவான காரணம். மாதவிடாய் தவறுதல், முகப்பரு, உடல் எடை கூடுதல் ஆகியவை அதனோடு சேர்ந்து வரலாம். பின்னாளில் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பையும் அது கூட்டுகிறது.

லேசர் செய்தால் நோயும் சரியாகிவிடும் என்பது தவறு. லேசர் இருக்கும் முடியைக் குறைக்கும். ஹார்மோன் தூண்டுதல் தொடரும்வரை மெல்லிய முடிகள் தடித்த முடிகளாக மாறிக்கொண்டே இருக்கும். ஹார்மோன் கோளாறு இருந்தால் லேசர் வீண் என்பதும் தவறு. மருந்தோடு சேர்த்துச் செய்யும்போது பயன் உண்டு. பராமரிப்புக்காக மீண்டும் செய்ய வேண்டியிருக்கும். சில மாதங்களுக்குள் முடி வேகமாகப் பெருகி, குரலும் தடித்தால், ஹார்மோன் சுரக்கும் கட்டி இருக்கக்கூடும். அந்நிலையில் முதலில் செல்ல வேண்டிய இடம் மருத்துவமனை.

மாப்பிள்ளை வீட்டார் பார்க்க வருவதற்குள் மீசையை எடுத்துவிட வேண்டும் என்ற அவசரத்தில், மாதவிடாய் பற்றிய கேள்வியை யாரும் கேட்பதில்லை. முகத்து முடியைப் பற்றிய வெட்கம் அறிகுறியை மறைத்துவிடுகிறது. நோய் உள்ளே தொடர்கிறது.

திருநங்கையருக்கு முகத்து முடி நீக்கம் வேறு வகையில் முக்கியமானது. பெண்மை ஹார்மோன் எடுத்துக்கொண்டால் தாடி தானே உதிரும் என்ற எண்ணம் தவறு. பருவ வயதில் தடித்துவிட்ட தாடி முடிக்கு லேசரோ மின்னாற்பகுப்போ தேவைப்படுகிறது. தமிழ்நாட்டில் 2008-இல் திருநங்கையர் நல வாரியம் அமைந்தபின் பாலின மாற்று அறுவை சிகிச்சை அரசின் கவனத்தைப் பெற்றது. அன்றாடத் தெருவில் முதலில் கண்ணில் படுவது முகமே என்பதால், இச்சிகிச்சையின் தேவை அறுவை சிகிச்சைக்குக் குறைந்ததன்று.

வலியும் மரப்புக் களிம்பும்

லேசர் வலிக்கவே வலிக்காது என்பதும் தாங்க முடியாத வலி என்பதும் மிகைகளே. ரப்பர் வளையத்தால் சுண்டியது போன்ற சுருக்கென்ற உணர்வு பெரும்பாலோருக்கு உண்டு. வலியைக் குறைக்க மரப்புக் களிம்பு பூசுவர். இதை மருந்தாகவே கருத வேண்டும். உடலின் பரந்த பகுதியில் களிம்பைப் பூசி, தாளால் சுற்றி வைத்ததால் மருந்து இரத்தத்தில் கலந்து அமெரிக்காவில் இளம்பெண்கள் இறந்ததையடுத்து, அந்நாட்டு உணவு மருந்து நிர்வாகம் 2007-இல் பொது எச்சரிக்கை வெளியிட்டது.

கருவி பாதுகாப்பானதா என்று கேட்பதோடு, அதை இயக்குபவர் யார் என்றும் கேட்க வேண்டியுள்ளது. தோலின் வகையை மதிப்பிடுதல், அலைநீளத்தைத் தேர்தல், மச்சத்தையும் புண்ணையும் அடையாளம் காணுதல், மாதவிடாய் பற்றிக் கேட்டறிதல், கொப்புளம் வந்தால் மருந்திடுதல் ஆகிய எல்லாம் இச்சிகிச்சையின் பகுதிகள். முடியைக் கையாளும் தொழிலும் மருத்துவமும் தமிழகத்தில் ஒரு காலத்தில் ஒரே கையில் இருந்தன. லேசர் அவ்விரண்டையும் மீண்டும் ஒரே அறைக்குள் கொண்டுவந்துள்ளது. தோல் மருத்துவரின் மேற்பார்வை இல்லாத இடத்தில் அந்த இணைப்பு நிகழ்வதில்லை. கருவி மட்டுமே இருக்கிறது.